தசைநாணில் கொலாஜன் ஊற எப்படிப் பயிற்சி செய்வது

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே, கணுக்காலின் பின்பக்கத்தில் சுருக்கென்று பிடிக்கிறதா? பத்து அடி நடந்தால் தளர்ந்துவிடும், ஓட ஆரம்பித்தால் மறந்தே போகும், மறுநாள் காலையில் மறுபடி அதே இடத்தில் அதே சுருக். ஏழு மாதம் நான் இப்படியே ஓடினேன். "நரம்பு இழுத்துக்கொண்டது, எண்ணெய் தேய்" என்றார்கள் வீட்டில். ஒரு மாதம் ஓடாமல் இரு என்றார் கூட ஓடுகிற ஒருவர். ஓடாமல் இருந்தேன், வலி போனது, திரும்ப ஓடிய முதல் வாரத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் இருப்பது என்ன, அது எதனால் வளர்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததையும் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கயிறு என்ன என்று பார்த்துவிடலாம். கையிலும் காலிலும் கயிறு மாதிரி தட்டுப்படுகிற எல்லாவற்றையும் நாம் நரம்பு என்றுதான் சொல்கிறோம். குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்துப் பார்க்க முடிகிறதே, அது தசைநாண். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருப்பது. முட்டிச் சில்லுக்குக் கீழே தடவினால் இன்னொன்று கிடைக்கும். ஈரத்தை நீக்கிவிட்டு எடை போட்டால் தசைநாணில் 60 முதல் 85 சதவீதம் கொலாஜன் என்ற புரதம்தான். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட முப்புரி அது. முப்புரிகள் சேர்ந்து நார், நார்கள் சேர்ந்து கற்றை, கற்றைகள் சேர்ந்து நாண். தென்னை நாரில் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்தக் கயிற்றுக்கு நடுவே அங்கங்கே செல்கள் இருக்கின்றன. எண்ணிக்கை குறைவு, ரத்த ஓட்டமும் தசைக்கு இருக்கும் அளவுக்கு இல்லை. நாண் இழுபடும்போது இந்தச் செல்களும் கூடவே இழுபடுகின்றன, அந்த இழுப்புதான் அவற்றுக்குத் தகவல். இழுபட்ட செல் ஐஜிஎஃப்-1, டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளின் துணையோடு புதுக் கொலாஜனைச் செய்து வெளியே தள்ளும். அப்படி வருகிற கொலாஜனுக்கு இரண்டு முனையிலும் ஒரு வால் ஒட்டியிருக்கும், அந்த வாலை வெட்டிய பிறகுதான் அது நாரில் போய்ச் சேர முடியும். வெட்டி விழுந்த வால்களை அளந்தால் எவ்வளவு கொலாஜன் ஊறியது என்று கணக்குத் தெரியும்.

இந்தக் கணக்கை மனிதர்களிடம் போட்டுப் பார்த்ததில் பெரும் பங்கு டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மைக்கேல் கியேர், ஹென்னிங் லாங்பெர்க் குழுவினருக்கு. 1999-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் சிலரை 36 கிலோமீட்டர் ஓடவிட்டு, குதிகால் நாணை ஒட்டி மெல்லிய குழாய் செருகி, அங்கே ஊறும் திரவத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டம் முடிந்த உடனே கொலாஜன் சிதைவுதான் தெரிந்தது. உற்பத்தி எகிறியது மூன்று நாள் கழித்து, 72-வது மணி நேரத்தில். 2005-இல் இன்னொரு ஆய்வு: ஒரு காலை மட்டும் ஒரு மணி நேரம் உதைக்கச் சொல்லி, முட்டி நாணிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 6 மணி நேரத்திலேயே உற்பத்தி ஏறியிருந்தது, 24 மணி நேரத்தில் உச்சம், 72 மணி நேரத்திலும் முழுசாக இறங்கவில்லை. இவற்றையெல்லாம் வைத்து 2010-இல் அவர்கள் தொகுத்துச் சொன்னது இதுதான்: கடினமான பயிற்சிக்குப் பிறகு முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை உற்பத்தியைவிடச் சிதைவு அதிகம், நாண் நஷ்டத்தில் ஓடுகிறது. அதற்குப் பிறகு 72 மணி நேரம் வரை வரவு.

இதைப் படித்தபோது எனக்கு என் வாராந்திர அட்டவணைதான் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை வேக ஓட்டம், ஞாயிறு நீண்ட ஓட்டம், திங்கள் காலையில் மேம்பாலம் ஏறி இறங்குவது. நஷ்டத்தில் இருக்கிற நேரத்தில் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறேன். மூச்சு தாங்கியது, தொடை தாங்கியது, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். தசையும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், நாணுக்கு மாதக் கணக்கு. புதிதாக ஓட வருபவர்கள் மூன்றாவது மாதத்தில் அடிபடுவதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

சரி, அப்படியானால் ஓய்வுதான் மருந்தா என்றால், அதுவும் கிடையாது. 23 நாள் ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் தொங்கவிட்டு வைத்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. அந்தக் காலின் நாணில் கொலாஜன் உற்பத்தி விழுந்தது, நாண் தொய்ந்தும் போனது. நான் ஒரு மாதம் ஓடாமல் இருந்தபோது நடந்தது ஏறக்குறைய இதுதான் என்று இப்போது புரிகிறது. வலி அடங்கியது, கயிறு இன்னும் பலவீனமானது, அந்தக் கயிற்றோடு பழைய தூரத்தை ஓடினேன்.

எவ்வளவு பளு?

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். லேசான பளுவில் நிறைய தடவை செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஜெர்மனியில் அரம்பாட்ஸிஸ் குழு 2007-இல் ஒரே ஆளின் இரண்டு காலுக்கும் இரண்டு விதமாகப் பயிற்சி கொடுத்தது. ஒரு காலுக்கு அதன் முழு பலத்தில் 55 சதவீதம் அளவுக்கு அழுத்தம், மற்றதற்கு 90 சதவீதம், மொத்த வேலை இரண்டுக்கும் ஒன்றே. 14 வாரம் கழித்துப் பார்த்தால் கனமான பளு பட்ட காலின் நாண் மட்டும் மாறியிருந்தது, அதன் விறைப்பு, அதாவது இழுத்தால் எளிதில் நீளாத உறுதி, கூடியிருந்தது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு தொகுப்பும் அதையே சொன்னது: பளு முழு பலத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், 12 வாரத்துக்குக் குறையக் கூடாது, தசை சுருங்கும் விதம் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. ஏறும்போதா இறங்கும்போதா, அசையாமல் பிடித்தா என்று இணையத்தில் நடக்கும் சண்டைகளை விட்டுவிட்டு, கனத்தையும் நிதானத்தையும் பார்த்தால் போதும்.

குதிகால் நாணுக்கு நான் பின்பற்றியது 2015-இல் கோபன்ஹேகனில் சோதிக்கப்பட்ட 'கனமாக, மெதுவாக' முறை. வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம், 15 முறை மட்டுமே தூக்க முடிகிற பளுவில் 3 சுற்று. இரண்டாம், மூன்றாம் வாரம் 12 முறை மட்டுமே முடிகிற பளுவில் 3 சுற்று. நான்கு, ஐந்தாம் வாரம் 10 முறை, 4 சுற்று. ஆறிலிருந்து எட்டு வரை 8 முறை, 4 சுற்று. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 6 முறை, 4 சுற்று. எண்ணிக்கை குறையக் குறையப் பளு ஏறுகிறது, கவனியுங்கள். "6 முறை" என்றால் ஏழாவது முறை தூக்க முடியாத கனம் என்று பொருள், சும்மா ஆறோடு நிறுத்திக்கொள்வது கிடையாது. ஏற 3 நொடி, இறங்க 3 நொடி. மனதுக்குள் எண்ணாதீர்கள், வேகமாக எண்ணிவிடுவோம், சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். சுற்றுகளுக்கு நடுவே 2 முதல் 3 நிமிடம் உட்காருங்கள்.

ஜிம் இல்லாதவர்கள் மாடிப்படியில் செய்யலாம். முன்பாதம் படியில், குதிகால் வெளியே தொங்க, கைப்பிடியை லேசாகத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில், பிறகு முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பை ஒன்று, பிறகு இரண்டு. எனக்கு எட்டாவது வாரத்தில் முதுகில் 15 கிலோ இருந்தது, மேல் வீட்டுப் பாட்டி ஊருக்குக் கிளம்புகிறாயா என்று கேட்டார். முட்டியை நீட்டி வைத்து ஒன்று, முட்டியை மடக்கி உட்கார்ந்தபடி தொடை மேல் கனம் வைத்து ஒன்று, இரண்டையும் செய்யுங்கள், ஏனென்றால் கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் இருக்கின்றன, முட்டியை மடக்கினால்தான் உள்ளே இருக்கும் தசைக்கு முழு வேலை போகும், அதுவும் அதே நாணில்தான் வந்து சேர்கிறது. வலி சரியாகக் குதிகால் எலும்பில் நாண் ஒட்டுகிற இடத்தில் என்றால் மட்டும் படி வேண்டாம், தரையிலேயே செய்யுங்கள், குதிகால் கீழே இறங்கும்போது நாண் எலும்பில் அழுந்துவதால் அந்த வலி கூடும்.

பழைய முறை ஒன்றும் உண்டு, இன்றும் பல பிசியோக்கள் அதைத்தான் தருகிறார்கள். ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்டது: இறக்குவது மட்டும், முட்டி நீட்டி 15 முறை 3 சுற்று, மடக்கி 15 முறை 3 சுற்று, காலையும் மாலையும், வாரம் ஏழு நாளும், 12 வாரம். ஒரு நாளைக்கு 180 இறக்கம். அவர் எலும்பு மருத்துவர், அவருக்கே குதிகால் நாண் வலி. அறுவை சிகிச்சை செய்துகொள்ள வழி கிடைக்காமல், நாண் அறுந்தாவது போகட்டும் என்றுதான் இப்படிக் கடுமையாகச் செய்ய ஆரம்பித்தார், வலி போய்விட்டது. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 2015 ஆய்வு இரண்டு முறையையும் ஒப்பிட்டது, வலி குறைவதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் இரண்டு வேளை விடாமல் செய்வது கஷ்டம், அதனால் வாரம் மூன்று நாள் முறையையே நான் சிபாரிசு செய்வேன்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது?

72 மணி நேரக் கணக்கு என்கிறாய், வாரம் மூன்று நாள் பளு தூக்கச் சொல்கிறாய், எப்படி ஒத்துப்போகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெதுவாகத் தூக்குவது 36 கிலோமீட்டர் ஓட்டம் கிடையாது, அதனால் 48 மணி நேர இடைவெளி ஒத்துவருகிறது, சோதனைகளும் அந்த இடைவெளியில்தான் நடந்தன. நீண்ட ஓட்டம், வேக ஓட்டம், வாலிபால், பாட்மின்டன் போல நாணைச் சுண்டி இழுக்கிற வேலைக்குத்தான் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். நான் செய்வது, கடினமானதையெல்லாம் ஒரே நாளில் போடுவது. காலையில் வேக ஓட்டம் என்றால் அன்று மாலையே படிக்கட்டுப் பயிற்சி. மறுநாள் நடை, சைக்கிள், நீச்சல், அதற்கு மேல் இல்லை. வேக ஓட்டத்துக்கு மறுநாள் பளு, அதற்கு மறுநாள் நீண்ட ஓட்டம் என்று பரப்பி வைத்தால் ஓய்வு நாளே கிடைக்காது, நாண் வரவுப் பக்கம் வருவதற்குள் அடுத்த செலவு வந்துவிடும்.

வலியோடு செய்யலாமா? செய்யலாம், ஒரு அளவு வரை. ஸ்வீடனில் கரின் சில்பர்நாகெல் 2007-இல் வெளியிட்ட சோதனையில் 0-விலிருந்து 10 வரை வலிக்கு மார்க் போடச் சொன்னார்கள். செய்யும்போது 5 வரை போகலாம், செய்து முடித்த பிறகும் 5 வரை இருக்கலாம், மறுநாள் காலையில் அடங்கியிருக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் இறுக்கமும் வலியும் ஏறக் கூடாது. இந்த விதிக்குள் இருந்தவர்களை ஓடவும் குதிக்கவும் விட்டார்கள், முழுசாக நிறுத்தியவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. படுக்கையிலிருந்து இறங்கும் முதல் பத்து அடிக்கு நான் தினமும் மார்க் போட்டு நாட்காட்டியில் குறித்தேன். ஓடும்போது வலி இருக்கிறதா என்பதை நம்பாதீர்கள், சூடானபின் அது மறைந்துவிடும். காலை மார்க்தான் உண்மையைச் சொல்லும்.

வலி இல்லாதவர்கள், வராமல் பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள், கயிறு தாண்டலாம். கலிபோர்னியாவில் கீத் பார் என்பவரின் ஆய்வகம் தட்டில் வளர்த்த செயற்கைத் தசைநாரை (எலும்பை எலும்போடு கட்டும், நாணைப் போன்ற இன்னொரு கயிறு) இழுத்துப் பார்த்தது. பத்து நிமிடம் இழுத்த பிறகு செல்கள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டன, மறுபடி கேட்க ஏறக்குறைய 6 மணி நேரம் ஆனது. தட்டில் வளர்ந்ததும் காலில் இருப்பதும் ஒன்றல்ல, ஆனாலும் காலையில் ஐந்தாறு நிமிடம், மாலையில் ஐந்தாறு நிமிடம் என்று பிரிப்பதில் எந்த நஷ்டமும் இல்லை, முட்டிக்கும் நல்லது.

சாப்பாடும் மாத்திரையும்

அதே கீத் பார் 2017-இல் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து செய்த சிறிய சோதனைதான் இன்று கொலாஜன் பவுடர் விற்பவர்கள் எல்லோரும் காட்டுவது. எட்டு இளைஞர்கள், வைட்டமின் சி சேர்த்த 15 கிராம் ஜெலட்டின் குடித்து, ஒரு மணி நேரம் கழித்து 6 நிமிடம் கயிறு தாண்டினார்கள். முன்னே சொன்ன அந்த வால் துணுக்கு ரத்தத்தில் இரண்டு மடங்கானது. நல்ல செய்திதான், ஆனால் ரத்தத்தில் அளந்ததால் அது எலும்பிலிருந்தும் வந்திருக்கலாம், எட்டுப் பேர் என்பதும் சின்ன எண்ணிக்கை. ஆட்டுக்கால் சூப் பிடித்தவர்கள் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடியுங்கள், ஆறினால் கெட்டியாகிறதே, அது ஜெலட்டின்தான். ஆயிரக்கணக்கில் கொடுத்து டப்பா வாங்குவதற்கு முன் பளு தூக்க ஆரம்பியுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பு, பயறு, பால் என்று மொத்தப் புரதம் குறையாமல் பார்த்துக்கொண்டால் கொலாஜனுக்குத் தேவையான அமினோ அமிலங்களை உடம்பு செய்துகொள்ளும். வைட்டமின் சி மட்டும் கட்டாயம், அது இல்லாமல் முப்புரி உறுதியாக முறுக்கிக்கொள்ளாது. ஒரு கொய்யாப்பழமோ ஒரு பெரிய நெல்லிக்காயோ போதும்.

ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம் நம் ஓட்டக் குழுக்களில் நிறைய இருக்கிறது, தயவுசெய்து விடுங்கள். 2011-இல் கோபன்ஹேகனில் 36 கிலோமீட்டர் ஓடியவர்களின் முட்டி நாணில் இன்டோமெதசின் என்ற வீக்க நிவாரணியைச் செலுத்திப் பார்த்தார்கள், ஓட்டத்தால் ஏற வேண்டிய கொலாஜன் உற்பத்தி ஏறவே இல்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்குச் சுகமாக இருக்கும், ஆனால் டென்னிஸ் எல்போ எனும் முழங்கை நாண் வலியில் வருடக் கணக்கில் பார்த்தால் ஊசி போட்டவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமானது என்று 2010-இல் வந்த பெரிய தொகுப்பு சொன்னது. குதிகால் நாணில் போடச் சொன்னால் இரண்டாவது மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள். இவை நாணை அறுந்துபோகும் அளவுக்குப் பலவீனப்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கறுப்புக் கட்டம் போட்டே எச்சரித்தது. வயிற்றுப்போக்குக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடுகிறோமே, அந்த மாத்திரைதான். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் நடுவில் நிறுத்த வேண்டாம், ஆனால் ஓடுகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள், அந்த நாட்களில் குதிக்காதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை கொலாஜனில் ஒட்டி நார்களைத் தாறுமாறாகப் பிணைத்துவிடும், நாணின் இயல்பே மாறும். பளுவை இன்னும் நிதானமாக ஏற்றுங்கள், 12 வாரத்தை 20 வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் இதில் வித்தியாசம் உண்டு, கடின ஓட்டத்துக்குப் பிறகு கொலாஜன் உற்பத்தி ஆண்களுக்கு ஏறும் அளவு ஏறுவதில்லை, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிடம் இன்னும் குறைவு என்று கோபன்ஹேகன் ஆய்வுகள் காட்டின. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, ஆண் தோழர்களின் அட்டவணையை அப்படியே நகலெடுக்காதீர்கள் என்கிறேன்.

வயதாகிவிட்டதே என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், அந்தந்த வருடத்தில் உடம்பில் உருவான கொலாஜனில் பதிந்திருக்கிறது. 2013-இல் அதை வைத்துக் குதிகால் நாணின் வயதைக் கணக்கிட்டபோது, அதன் மையப்பகுதி 17 வயதுவாக்கில் உருவாகி முடிந்து, பிறகு ஏறக்குறைய மாறாமலே இருந்தது தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓடவும் குதிக்கவும் விடச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை, விளையாட்டு வகுப்பில் கணக்குப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அதற்காக 17-க்கு மேல் எல்லாம் முடிந்தது என்று ஆகாது. 2003-இல் இங்கிலாந்தில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 14 வாரம் பளுப் பயிற்சி கொடுத்தார்கள், முட்டி நாணின் விறைப்பு 65 சதவீதம் கூடியது. என் அப்பாவையும் படியில் நிறுத்தியிருக்கிறேன், கையில் கனம் இல்லாமல், இரண்டு காலில், 3 நொடி ஏற்றம் 3 நொடி இறக்கம்.

பின்னாலிருந்து யாரோ காலில் எட்டி உதைத்தது போல அடித்து, 'டப்' என்று சத்தம் கேட்டு, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்க முடியாமல் போனால் இந்தப் பயிற்சிகள் எதுவும் வேண்டாம், அது அறுந்த நாணாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு குதிகாலும் ஒன்றாக வலித்து, காலை நேர இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மூட்டு வாத மருத்துவரைப் பாருங்கள், அது வேறு நோயாக இருக்கலாம்.

எனக்கு நான்காவது வாரம் வரை எதுவும் மாறவில்லை, காலை மார்க் 4, 5, 4 என்றே ஓடியது. ஏழாவது வாரத்தில் 2 வந்தது. பதினொன்றாம் வாரம் ஒரு நாள் படுக்கையிலிருந்து எழுந்து பல் தேய்த்து முடித்த பிறகுதான் மார்க் போட மறந்தது நினைவுக்கு வந்தது. 12 வாரம் முடிந்ததும் நிறுத்திவிடவில்லை. இப்போது செவ்வாயும் வெள்ளியும் அரிசிப் பையோடு படியில் நிற்கிறேன், 6 முறை, 4 சுற்று.